சத்தம் கூடினால் சக்தி கூடுமா? குட்டி எஞ்சினின் மூச்சுக் கணக்கு

பள்ளத்தூரில் இருக்கும் என் அக்கா மகன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனுடைய ஐயா ஓட்டிய பழைய எக்ஸ்எல் வண்டி பின்கட்டில் தூசி ஏறிக் கிடந்தது. அதன் எஞ்சினைக் கழற்றி, இரும்புக் குழாயில் தானே வெல்டிங் வைத்த சட்டத்தில் உட்கார வைத்து, முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி பைக் செய்துவிட்டான். வேலை சுத்தமாகவே இருந்தது. அப்புறம்தான் வீடியோ பார்த்து எஞ்சினுக்கு 'பவர் ஏற்ற' ஆரம்பித்தான். முதல் காரியமாக சைலன்சரைக் கழற்றி மூலையில் போட்டான்.

வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், வைத்து ஸ்டார்ட் செய்தபோது தூணுக்குத் தூண் சத்தம் மோதித் திரும்பியது. ஓட்டிலிருந்த புறாக்கள் மொத்தமும் கிளம்பிவிட்டன. ஆயா இரண்டாம் கட்டிலிருந்து, "ஏன்டா, வீட்டுக்குள்ள ரைஸ் மில்லு ஓட்டுறீகளா?" என்று கேட்டார். இவனுக்கு ஒரே பெருமை. "கேட்டீகளா மாமா? சும்மா பிச்சிக்கிட்டுப் போகும்." சரி, போகட்டும் என்று தோட்டத்துக்குப் போனோம். அங்கே கிணற்றடியிலிருந்து மேலே ஏறும் ஒரு சரிவு உண்டு. முந்தின வாரம் முக்கி முனகியாவது ஏறிய வண்டி, இந்த முறை பாதியில் நின்றுவிட்டது.

சத்தம் கூடியது, இழுவை குறைந்தது. ஏன் என்று அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். டீக்கடையிலும் பட்டறையிலும் இந்த விஷயத்தை ஆளுக்கொரு விதமாகப் பேசுவார்கள். எஞ்சினுக்குள் நடப்பது என்ன என்று தெரிந்தால், யார் சொல்வது தேறும், யார் சொல்வது தேறாது என்று நீங்களே பிரித்துவிடலாம்.

குடமும் நடையும்

ஊருணியிலிருந்து தண்ணீர் சுமப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் வீட்டுக்கு வந்து சேரும்? குடம் எவ்வளவு பெரியது, எத்தனை நடை நடந்தார்கள், இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் விடை. பெரிய குடத்தோடு மெதுவாகவும் நடக்கலாம், சின்னக் குடத்தோடு ஓட்டமும் நடையுமாகவும் போய் வரலாம்.

எஞ்சினில் குடத்தின் அளவுக்குப் பெயர் முறுக்குவிசை. அதாவது, எரியும் வாயு, சிலிண்டர் என்ற உருளைக்குள் மேலும் கீழும் போகும் பிஸ்டனைத் தள்ளி, கிராங்க் என்ற சுழல்தண்டை எவ்வளவு வலுவாகத் திருப்புகிறது என்பது. பட்டறை மொழியில் 'இழுவை'. நடையின் கணக்குக்குப் பெயர் ஆர்பிஎம்: ஒரு நிமிடத்தில் கிராங்க் சுற்றும் சுற்று. இரண்டையும் பெருக்கினால் வருவது பவர். அதைக் குதிரைத்திறனில் சொல்கிறோம்.

நம் தெருவில் ஓடிய இரண்டு டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை வைத்தே பார்க்கலாம். 70 சிசி டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர், 5,000 சுற்றில் சுமார் 3.5 குதிரைத்திறன் தரும். 98 சிசி யமஹா ஆர்எக்ஸ் 100, 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன். சிசி என்பது பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் கொள்ளளவு, கன சென்டிமீட்டரில். ஆர்எக்ஸ் ஒன்றரை மடங்குகூடப் பெரிய எஞ்சின் இல்லை, ஆனால் பவர் மூன்று மடங்குக்கு மேல். எப்படி?

ஒரு சிசிக்கு எவ்வளவு முறுக்குவிசை என்று வகுத்துப் பார்த்தால் ஆர்எக்ஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம். சுற்றும் ஒன்றரை மடங்கு அதிகம். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டேகால். மிச்ச வித்தியாசம் சிசியால் வந்தது. கணக்கு அவ்வளவுதான், இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு குடத்திலும் கொஞ்சம் கூடுதல் தண்ணீர், கொஞ்சம் கூடுதல் நடை.

ஆக, யாராவது "இதைச் செய்தால் பவர் ஏறும்" என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: குடம் பெரிதாகிறதா, நடை கூடுகிறதா? இரண்டும் இல்லையென்றால் ஏறுவது சத்தம் மட்டும்தான்.

எஞ்சின் சாப்பிடுவது பெட்ரோலை என்று யார் சொன்னது?

குடத்தை நிரப்புவது எது? பெட்ரோல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எடையில் பார்த்தால், 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று லேசானது, அதனால் அளவில் பார்த்தால் இன்னும் ஆச்சரியம்: 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. ஏழடிக்கு ஏழடி, ஆறரை அடி உயரத்தில் ஒரு சாமான் அறை இருந்தால், அந்த அறை நிறைய இருக்கும் காற்று முழுவதும் ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சரியாகப் போய்விடும்.

பெட்ரோலைக் கூட்டுவது சுலபம், ஊற்றினால் போதும். காற்றை அந்த 70 சிசி இடத்துக்குள் நிறைய அடைப்பதுதான் கஷ்டம். பவர் ஏற்றுவது என்று உலகம் முழுக்க எஞ்சின்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த ஒரு வேலைக்காகத்தான்.

ஒரு பந்தி எழ, மறு பந்தி உட்கார

எக்ஸ்எல் எஞ்சின் டூ-ஸ்ட்ரோக். அதாவது கிராங்க் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு தடவை தீப்பற்றும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை. டூ-ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஜன்னல் போன்ற துளைகள் இருக்கும், அவற்றுக்கு போர்ட் என்று பெயர். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே இந்த ஜன்னல்களைத் திறந்து மூடும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர்க் கல்யாண வீட்டை நினைத்தால் உடனே விளங்கும். முகப்பில் நின்று பார்த்தால் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும் வீடு. நடுவில் பந்தி. சாப்பிட்டவர்கள் பின்வாசல் வழியாக வெளியேற வேண்டும், அடுத்த பந்திக்காரர்கள் முன்வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். நேரம் நிறைய இருந்தால் ஒரு கூட்டம் முழுதாகப் போன பிறகு மறு கூட்டத்தை விடலாம். ஃபோர்-ஸ்ட்ரோக் அப்படித்தான் செய்கிறது. டூ-ஸ்ட்ரோக்குக்கு அவ்வளவு நேரம் கிடையாது. 5,000 சுற்றில் ஒரு முழுச் சுற்றே 12 மில்லிசெகண்டில் முடிந்துவிடுகிறது.

அதனால் என்ன செய்கிறது? பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் பின்வாசலைத் திறக்கிறது. புகை வெளியே பாய்கிறது. அடுத்த நொடித்துளியில் முன்வாசலும் திறக்க, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த புதுக் கலவை உள்ளே வந்து மிச்சப் புகையை நெட்டித் தள்ளுகிறது. பழைய பந்தி எழுந்துகொண்டிருக்கும்போதே புதுப் பந்தி இலைக்கு ஓடி வருகிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது முன்வாசல் முதலில் மூடும், பின்வாசல் கடைசியாகத்தான் மூடும். இந்த இடைவெளியில், சாப்பிட வந்தவர்களில் கொஞ்சம் பேர் வந்த வேகத்தில் பின்வாசல் வழியாக வெளியே போய்விடுகிறார்கள். அதாவது எரியாத பெட்ரோலும் காற்றும் சைலன்சருக்குள் போய்விடுகின்றன. டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பின்னால் போனால் பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைப்பது இதனால்தான்.

பின்வாசலில் நிற்கும் பெரியப்பா

இனிதான் சைலன்சர் கதை.

கல்யாண வீட்டில் பின்வாசல் பக்கம் விவரமான பெரியப்பா ஒருவர் நிற்பார். சாப்பிட்டு எழுந்தவர்களை, "வாங்க, வெத்தலை போடுங்க" என்று வெளியே இழுத்துவிடுவார். அதே கையோடு, கூட்டத்தில் தள்ளப்பட்டு சாப்பிடாமலே வந்துவிட்டவர்களைத் தோளைப் பிடித்து, "இலை போட்டாச்சு, உள்ள போங்க" என்று திருப்பி அனுப்புவார்.

டூ-ஸ்ட்ரோக் சைலன்சரின் வடிவம் இந்த வேலையைச் செய்யக்கூடியது. புகை பின்வாசலில் வெடித்து வெளியேறும்போது ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது, கிணற்றுக்குள் கத்தினால் சத்தம் ஓடுவதைப் போல. குழாய் அகன்றுகொண்டே போகும் இடத்தில் அந்த அலை திரும்பும்போது உறிஞ்சும் அலையாகத் திரும்பும், புகையை இழுக்கும். குழாய் குறுகும் இடத்தில் பட்டால் தள்ளும் அலையாகத் திரும்பும், வெளியே ஓடி வந்த புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளும். பின்வாசல் மூடுவதற்குச் சற்று முன் இந்தத் தள்ளல் வந்து சேர்ந்தால், குடம் நிறையும்.

பந்தயக் களத்தில் இதைக் கரைத்துக் குடித்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்துப் பொறியாளர் வால்டர் காடன். 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. நம் எக்ஸ்எல்லைவிட ஒரு சிசிக்கு நான்கு மடங்கு. அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் எல்லை தாண்டி ஓடி, அந்த ரகசியங்களோடு ஜப்பானின் சுசூகியில் போய்ச் சேர்ந்தார். ஒரு குழாயின் வடிவத்துக்காக நாடு விட்டு நாடு கடத்தல்! மூலையில் கிடந்த சைலன்சரைப் பார்த்தபடி இதை நான் சொன்னபோதுதான் மாப்பிள்ளை முகம் மாறியது.

எக்ஸ்எல் போன்ற மொபெட்டின் சைலன்சர் அந்த அளவுக்குக் கூர்மையானது இல்லை. சத்தத்தை அடக்குவது, விலை குறைவாக இருப்பது, இழுவையைக் கெடுக்காமல் இருப்பது என்று எல்லாவற்றுக்கும் நடுவில் சமரசம் செய்த பொருள். ஆனாலும் எஞ்சினும் அதுவும் ஜோடியாகத்தான் வடிவமைக்கப்பட்டவை. அதைக் கழற்றினால் பின்வாசலில் தடுக்க ஆளில்லை. வந்த கலவையில் ஒரு பங்கு வீதிக்குப் போகிறது, சரிவில் வண்டி நிற்கிறது.

அலை போய்த் திரும்ப ஆகும் நேரம், குழாயின் நீளத்தையும் புகையின் சூட்டையும் பொறுத்தது. எஞ்சின் வேகமாகச் சுற்றினாலும் மெதுவாகச் சுற்றினாலும் அந்த நேரம் பெரிதாக மாறாது. எனவே ஒரு சைலன்சர் ஒரு குறிப்பிட்ட சுற்று வட்டாரத்தில்தான் நன்றாக உதவும். பந்தயக் குழாயைக் கொண்டுவந்து மாட்டினால் உச்ச வேகத்தில் பாயும், கீழ்ச் சுற்றில் மாடு மாதிரி படுத்துக்கொள்ளும். ஒரே கியர் உள்ள மொபெட் எஞ்சினுக்கு அது வம்பு.

போர்ட்டை அரம் வைத்துத் தேய்த்தால்?

பின்வாசலைப் பெரிதாக்கினால் புகை வேகமாகப் போகும் என்பது உண்மை. உயரத்தைக் கூட்டினால் மேல் சுற்றில் பவர் கூடும், கீழ் இழுவை குறையும். அகலத்தைக் கூட்டுவதில் வேறோர் ஆபத்து இருக்கிறது, அதை நான் காசு கொடுத்துக் கற்றவன்.

எனக்கு இருபது வயதிருக்கும். காரைக்குடியில் ஒரு பழைய மொபெட்டின் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு, வட்ட அரத்தால் மதியம் முழுக்க ராவினேன். ஓரத்தை மழுக்கவும் இல்லை, அளவு குறிக்கவும் இல்லை. மாட்டி ஓட்டினால் இரண்டு கிலோமீட்டர் நன்றாகத்தான் போனது. அப்புறம் 'கடக்' என்று ஒரு சத்தம், வண்டி நின்றது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங் மூன்று துண்டு. சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக நகம் பிறாண்டியது போலக் கோடுகள். ரிங் எப்போதும் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும், ஜன்னல் அகலமாக இருந்தால் அதற்குள் பிதுங்கி ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். லேத்தில் சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து, அளவு பெரிய பிஸ்டன் போட்டுத்தான் மீட்டேன். அரத்தால் எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஜெட், ஃபில்டர், ஹெட்

பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரில், பெட்ரோல் வரும் சின்னத் துளையிட்ட பித்தளைத் திருகுக்கு ஜெட் என்று பெயர். பெரிய ஜெட் போட்டால் பவர் வரும் என்பார்கள். காற்று கூடாமல் பெட்ரோல் மட்டும் கூடினால் கரும்புகையும் நனைந்த பிளக்கும்தான் மிச்சம். சின்ன ஜெட் போட்டு மைலேஜ் எடுக்கிறேன் என்பது இதைவிட மோசம். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் கலந்து வருகிறது, எனவே பெட்ரோல் குறைந்தால் மசகும் குறையும். கலவை மெலிந்தால் சூடும் ஏறும். பிஸ்டன் அலுமினியம், சுமார் 660 டிகிரியில் உருகிவிடும் உலோகம். உருகும் வரை போக வேண்டியதும் இல்லை, அதற்கு முன்பே சூட்டில் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். 'பிஸ்டன் சீஸ்' என்பது அதுதான்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதைப் பற்றி ஒரே வரி: நம் செம்மண் புழுதி எஞ்சினுக்குள் போனால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான்.

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை லேத்தில் சீவுவது அடுத்த பிரபல யோசனை. பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள மொத்த இடத்தை, மேலே வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது அழுத்த விகிதம். 70 சிசி எஞ்சினில் மேலே 10 சிசி இடம் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். 80-ஐ 10-ஆல் வகுத்தால் 8. ஹெட்டில் அரை மில்லிமீட்டர் சீவினால் விகிதம் 8.6 வாக்கில் ஏறும். ஏட்டுக் கணக்குப்படி இதனால் கிடைக்கும் லாபம் 2 சதவீதம் சொச்சம். இன்னும் சீவினால் கலவை நேரம் தவறித் தானே வெடிக்கும், உள்ளே சுத்தியலால் தட்டுவது போல 'டக் டக்' சத்தம் கேட்கும். அந்த 2 சதவீதத்துக்காகக் கைக்காசையும் பிஸ்டனையும் பணயம் வைக்க மாட்டேன், அவரவர் இஷ்டம்.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துச் சொன்னால்: குடத்தை நிரப்புவது சிலிண்டருக்குள் அடைபடும் காற்று. போர்ட், சைலன்சர், ஜெட், ஹெட் நான்கும் ஒன்றையொன்று பார்த்துச் செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற மூன்றும் முரண்டு பிடிக்கும்.

களை எடுக்கும் எஞ்சினில் கவர்னர்

குட்டி பைக் செய்கிறவர்கள் பலர் தேடுவது களை எடுக்கும் பவர் வீடர், தண்ணீர் பம்ப் ஆகியவற்றில் வரும் 200 சிசி வாக்கிலான ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினை. அதில் கவர்னர் என்று ஒரு பாகம் உண்டு. சுற்று 3,600 பக்கம் போனால் தானே ஆக்சிலேட்டரைக் குறைக்கும். 'அதைப் பிடுங்கு, பவர் தானாக வரும்' என்பது எல்லா வீடியோவிலும் முதல் பாடம்.

உண்மைதான், நடை கூடும், பவரும் கூடும். ஆனால் சுற்று ஒன்றரை மடங்கானால், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை இழுத்துப் பிய்க்கப் பார்க்கும் விசை இரண்டேகால் மடங்காகும், ஏனென்றால் அது சுற்றின் வர்க்கத்தோடு ஏறுகிறது. தோட்டத்து எஞ்சின் 3,600 சுற்றுக்காக வார்த்த ராடோடும், ஃபிளைவீல் என்ற கனமான சுழல்சக்கரத்தோடும் வருகிறது. ராடு உடைந்தால் எஞ்சின் போகும். ஃபிளைவீல் வெடித்தால், அது ஓட்டுகிறவனின் காலுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பவர் ஏறினால் எவ்வளவு வேகம்?

இது பலருக்கும் ஏமாற்றம் தரும் கணக்கு. வேகம் கூடக்கூட, எதிர்காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தை 60 ஆக்க, காற்றுக்கு மட்டும் 1.7 மடங்கு பவர் வேண்டும். திருப்பிச் சொன்னால், பாடுபட்டு 20 சதவீதம் பவர் ஏற்றினாலும் 50-இல் போன வண்டி 53-ஐத் தொடும், அவ்வளவே. செயின் வீலின் பல்லை மாற்றினால் வேகமோ இழுவையோ ஒன்று கூடி மற்றொன்று குறையும், பவர் அப்படியே இருக்கும்.

வீட்டிலேயே கிடைக்கும் பவர்

பழைய டூ-ஸ்ட்ரோக்கில் புதிதாகப் பவர் ஏற்றுவதற்கு முன், தொலைந்துபோன பவரைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் கார்பன் வடிவில் உள்ளேயே இருக்கும். எரியாத ஆயில் கருகி, சைலன்சரிலும் பின்வாசல் போர்ட்டிலும் அப்பிக்கொள்கிறது.

நாங்கள் அந்தச் சைலன்சரைத் திரும்ப எடுத்து, பின்முனைத் திருகைக் கழற்றி, உள்குழாயை உருவினோம். உருவினோம் என்று சொல்வது லேசு. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தும் அரை மணி நேரம் ஆனது. விரல் நுழைய வேண்டிய துளையில் பென்சில்தான் நுழைந்தது. உதிர்ந்த கரியைக் காகிதத்தில் கொட்டினால் ஒரு தேநீர்க் குவளை நிறைய இருந்தது. சிலிண்டரைக் கழற்றி, போர்ட்டின் கரியை மூங்கில் சிம்பால் சுரண்டினோம். ஸ்க்ரூ டிரைவர் கூடாது, கோடு விழும். இரும்புச் சைலன்சரைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பவர்கள் உண்டு. அது தோலையும் கண்ணையும் பொசுக்கும், அலுமினிய ஹெட்டில் பட்டால் ஹெட்டையே தின்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தப் பக்கமே போக வேண்டாம். பிளக்கையும் ஏர் ஃபில்டர் நுரையையும் சுத்தம் செய்தோம். வேறொன்றும் செய்யவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவான வண்டியின் தயாரிப்பாளர் குறிப்புகளை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் வரலாம். பதினாறு வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். வீட்டில் வெல்டிங் வைத்த குட்டி பைக்குக்குப் பதிவே கிடையாது, அது சொந்தத் தோட்டத்தைத் தாண்டித் தெருவுக்கு வரக்கூடாது.

எல்லாவற்றையும் மாட்டி, சாயங்காலம் மறுபடி கிணற்றடிச் சரிவுக்குப் போனோம். ஆயா காதைப் பொத்திக்கொண்டு நின்றவர், சத்தம் வராததால் வண்டி ஓடவில்லை என்று நினைத்துவிட்டார். அது பாட்டுக்கு 'டுர்ர்' என்று ஏறி, மேலே வேப்ப மரத்தடி வரை போனது. அங்கே நிறுத்தத்தான் மாப்பிள்ளை செருப்புக்காலைத் தேய்க்க வேண்டியிருந்தது. பழைய பிரேக் கட்டை தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் பிரிக்கப் போகிறோம்.